பெயிண்ட் உரிந்து பில் நின்றுபோனால்: மெயின் கான்ட்ராக்டரோடு வரும் தகராறைத் தீர்ப்பது எப்படி

பெயிண்டிங் வேலையைத் தனியாக எடுத்துச் செய்ய ஆரம்பித்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். வீட்டுக்காரரிடம் நேரடியாக வேலை எடுப்பது வேறு, வீடு கட்டும் மெயின் கான்ட்ராக்டரிடம் பெயிண்டிங்கை மட்டும் சப்-கான்ட்ராக்டாக எடுப்பது வேறு. இரண்டாவதில் சுவர் பூசியது ஒருவர், பைப் போட்டது ஒருவர், மேலே பட்டி (சுவரைச் சமப்படுத்தும் வெள்ளைப் பூச்சு) பார்த்துப் பெயிண்ட் அடித்தது நாம். ஆனால் எது கெட்டாலும் கண்ணுக்குத் தெரிவது பெயிண்ட்தான், அதனால் முதலில் நிற்பது நம் பில்தான்.

தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மாடி வீடு. மொத்தப் பில் 3,36,000 ரூபாய், கைக்கு வந்தது 1,50,000. டிசம்பர் 9-ம் தேதி வேலையை முடித்துக் கொடுத்தேன், கிரகப்பிரவேசமும் நடந்தது. ஜனவரி 27-ம் தேதி மெயின் கான்ட்ராக்டரிடமிருந்து போன் வந்தது: "அண்ணே, பெயிண்ட் எல்லாம் உரியுது, ஆளை அனுப்புங்க, வீட்டுக்காரர் கத்துறார்." பாக்கி 1,86,000 அன்றோடு நின்றது. அது என் கைக்கு வர அக்டோபர் ஆகிவிட்டது. அந்த ஒன்பது மாதத்தில் ஆறு மாதம் நான் முதல் வாரத்தில் செய்த ஒரே தவறால் போனது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1. ஆய்வு முடியும்வரை சுவரைத் தொடாதீர்கள்

போன் வந்ததும் நம் கை தானாகச் செய்யும் வேலை என்ன? இரண்டு ஆளை அனுப்பி, உரிந்த இடத்தைச் சுரண்டி, பட்டி வைத்து, டச்சப் அடித்துவிட்டு வருவது. உறவு கெடக் கூடாது என்று நானும் அப்படித்தான் அனுப்பினேன். ஹாலிலும் கீழ் படுக்கையறையிலும் சுரண்டிவிட்டார்கள். மூன்று வாரத்தில் அதே இடம் மறுபடியும் கொப்புளம் போட்டது. அப்புறம் "உங்க ஆளே வந்து சரி பண்ணினான்னா உங்க தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதானே" என்று மெயின் கான்ட்ராக்டர் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. எந்த அடுக்கு பிடி விட்டது, பின்னால் ஈரம் இருந்ததா, உப்பு இருந்ததா என்பதற்கான சாட்சி எல்லாம் சுரண்டிய தூளோடு போய்விட்டது.

அதனால் போன் வந்த அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள்: "புகார் கிடைத்தது, இன்ன தேதி வந்து பார்க்கிறேன், அதுவரை யாரும் சுவரைச் சுரண்டவோ பெயிண்ட் அடிக்கவோ வேண்டாம், காரணம் பார்த்த பிறகு சரிசெய்யும் வேலையைப் பேசுவோம்." மரியாதையாக எழுதுங்கள். "நான் வர மாட்டேன்" என்ற தொனி எங்கேயும் வரக்கூடாது. வர மறுத்தான் என்று ஒருமுறை பதிவாகிவிட்டால், வேறு ஆளை வைத்து முழு வீட்டையும் அடித்து அந்தச் செலவை நம் தலையில் கட்ட அவருக்கு வழி கிடைத்துவிடும். சொன்ன தேதிக்குப் போய்விடுங்கள்.

2. காகிதங்களைத் திரட்டுங்கள், போனை மாற்றாதீர்கள்

நம் தொழிலில் முறையான ஒப்பந்தம் இருப்பது அபூர்வம். என்னிடமும் இல்லை. ஆனால் ஒப்பந்தம் இல்லை என்றால் எதுவுமே இல்லை என்று அர்த்தமில்லை. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், நிரூபிக்க வேண்டியதுதான் பாடு. தேட வேண்டியவை இவை:

- கொட்டேஷன், அதற்கு அவர் "சரி, ஆரம்பிங்க" என்று அனுப்பிய பதில். வாட்ஸ்அப்பில் இருந்தாலும் போதும்.
- பணம் வந்த தேதிகளோடு பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிபே பதிவுகள்.
- பெயிண்ட், பிரைமர் (பெயிண்டுக்குக் கீழே அடிக்கும் முதல் கோட்), பட்டி வாங்கிய கடை பில்கள். பெயிண்ட் வாளியின் மேல் இருக்கும் பேட்ச் எண், தயாரிப்பு மாதம், கலர் கோட் தெரியும்படி போட்டோ இருந்தால் தங்கம்.
- ஆள் வருகை நோட்டு, எந்த நாள் எந்த அறையில் வேலை நடந்தது என்ற குறிப்பு.
- வேலை நடக்கும்போது எடுத்த போட்டோ, வீடியோ. ஆட்கள் ஸ்டேட்டஸில் போட்டதைக்கூட விடாதீர்கள். என் கேஸில் மாடிக் குளியலறையில் பைப் வேலை முடியும் முன்பே பக்கத்து அறையில் எங்களைப் பட்டி பார்க்கச் சொன்னதற்குச் சாட்சி, என் பையன் ஒருத்தன் எடுத்த செல்ஃபிதான்.
- டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி. அவர் உங்களுக்குக் கொடுத்த பணத்தில் 1 சதவீதம் பிடித்திருந்தால் அது உங்கள் பான் எண்ணில் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் பட்டியலில் வந்திருக்கும். "இவருக்கு நான் வேலையே கொடுக்கவில்லை, மேஸ்திரிதான் கூட்டி வந்தார்" என்று பின்னால் பேச முடியாதபடி செய்யும் காகிதம் இது. ஆடிட்டரிடம் கேட்டால் அஞ்சு நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பார்.

போனில் இருக்கும் செய்திகளைக் கோர்ட்டில் காட்ட வேண்டி வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை வக்கீல் தயார்செய்வார். உங்கள் வேலை, அந்தப் போனை விற்காமல், ரீசெட் பண்ணாமல், அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருப்பது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து மெயிலிலும் போட்டு வையுங்கள்.

3. எந்த அடுக்கு பிடி விட்டது என்று பாருங்கள்

இதுதான் முழு விஷயத்தின் உயிர். "பெயிண்ட் சரியில்லை" என்று பொதுவாகப் பேசிக்கொண்டே இருந்தால் வருடக்கணக்கில் பேசலாம். உரிந்த செதிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள், பாதித் தீர்ப்பு அதன் முதுகில் இருக்கும்.

முதுகில் மணலும் சிமெண்டும் ஒட்டிக்கொண்டு வந்தால் பூச்சு பலவீனம். விரலால் தேய்த்தால் சுவர் மணல் மணலாகக் கொட்டும். கலவையில் சிமெண்ட் குறைவு, அல்லது பூசிய பிறகு தண்ணீர் விட்டு ஆற்றவில்லை. இது கொத்தனார் வேலை.

முதுகில் வெள்ளைத் தூளாக இருந்து, சுவரிலும் அதே வெள்ளைத் தூள் இருந்தால் பட்டி நடுவில் பிளந்திருக்கிறது. தண்ணீர் கூடிப்போய்க் கலந்தது, ஒரே கோட்டில் கனமாக இழுத்தது, கலந்து நேரமாகி இறுகியதை மறுபடியும் தண்ணீர் விட்டு ஓட்டியது என்று காரணங்கள் இருக்கும். இது நம் வேலை, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெயிண்ட் மட்டும் பாலித்தீன் தாள் மாதிரி வழவழவென்று உரிந்து, கீழே பட்டி கெட்டியாக இருந்தால் பிரைமர் விட்டுப்போயிருக்கும், அல்லது உப்புத்தாள் போட்ட தூசியைத் துடைக்காமல் அடித்திருப்பார்கள். பழைய வீடு என்றால் கீழே எண்ணெய்ப் பெயிண்ட் இருந்து அதன்மேல் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) போயிருக்கலாம்.

செதிலுக்குப் பின்னால் ஈரமும், பஞ்சு மாதிரி வெள்ளை உப்பும் இருந்தால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது. எங்கே என்பதை அது பரவியிருக்கும் வடிவம் சொல்லும். தரையிலிருந்து ஒன்று, இரண்டு அடி உயரத்துக்கு வரிசையாக இருந்தால் கீழிருந்து ஏறும் ஓதம். குளியலறையின் மறுபக்கச் சுவரில் மட்டும் இருந்தால் பைப் கசிவு அல்லது டைல்ஸ் இடுக்கு. மேல் மூலையில், கூரையோரம் இருந்தால் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் விரிசல். எங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு: போர் தண்ணீர் உப்பாக இருந்து அதையே கலவைக்கும் ஆற்றுவதற்கும் விட்டிருந்தால், ஈரம் காயக் காய உப்பு வெளியே வந்து பெயிண்டைத் தள்ளும். அதற்கு எந்தக் கம்பெனி பெயிண்டும் தாங்காது.

நிறம் திட்டுத்திட்டாக வெளுத்துப்போய், உரியாமல் இருந்தால் புதுப் பூச்சின் காரம் நிறத்தைத் தின்றிருக்கிறது. புதுப் பூச்சுக்கு ஆற்றியது, காய்ந்தது எல்லாம் சேர்த்துக் குறைந்தது 28 நாள் விட வேண்டும் என்று பெயிண்ட் கம்பெனிகளின் தகவல் தாள்களே சொல்கின்றன. மழைக்காலத்தில் இன்னும் கூடும். இங்கேதான் எல்லோரும் மாட்டுகிறோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூச்சு முடிகிறது, மார்கழி பிறப்பதற்குள் கிரகப்பிரவேசம் வைத்தாக வேண்டும், நாள் குறித்துப் பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. "எப்படியாவது முடிங்க அண்ணே" என்பார்கள். நான் கீழ் தளத்தில் 11 நாளே ஆன பூச்சின்மேல் பட்டி போட்டேன். ஈரமாக இருக்கிறது என்று வாயால் சொன்னேன், எழுதி அனுப்பவில்லை. அந்த அறைகளுக்கு நான்தான் பொறுப்பேற்க வேண்டியிருந்தது, அது நியாயமும்கூட. ஈரச் சுவர் என்று தெரிந்தும் பட்டிக் கரண்டியை எடுத்தவன் நான்.

சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஈரம் பார்க்கும் மீட்டரை ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் முள் வைத்த வகை மரத்துக்காகச் செய்யப்பட்டது, அதனால் சுவரில் அது காட்டும் எண்ணை அப்படியே சதவீதமாக எடுத்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். அதே வீட்டில் நன்றாக இருக்கும் சுவரில் ஒரு அளவு, கெட்ட சுவரில் ஒரு அளவு எடுத்து, வித்தியாசத்தைக் காட்டுங்கள். மீட்டர் இல்லாவிட்டால் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரித்தால் உள்பக்கம் நீர்த்துளி நிற்கும், அல்லது சுவர் கறுத்திருக்கும். குளியலறைமீது சந்தேகம் என்றால் தரை வடிகாலை அடைத்து ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விட்டு, மறுபக்கச் சுவரில் மீட்டர் வையுங்கள். வீட்டுக்காரர் சம்மதத்தோடுதான் இதையெல்லாம் செய்ய வேண்டும்.

4. எல்லோரையும் ஒரே நாளில் சுவர் முன்னால் நிறுத்துங்கள்

போனில் பேசிப் பேசி ஐந்து மாதம் ஓட்டினேன். ஜூலையில் ஒரே ஒரு காலைப்பொழுது எல்லோரும் அந்த வீட்டில் நின்றோம், அங்கேதான் விஷயம் அசைய ஆரம்பித்தது. மெயின் கான்ட்ராக்டர், நான், கொத்தனார் மேஸ்திரி, பிளம்பர், வீட்டுக்காரர், இவர்களோடு இரு தரப்பும் ஒத்துக்கொண்ட வெளி இன்ஜினியர் ஒருவர். இன்ஜினியருக்கு 6,000 ரூபாய், ஆளுக்குப் பாதி. அந்தப் பாதிப் பாதி முக்கியம். நீங்கள் மட்டும் பணம் கொடுத்துக் கூட்டி வந்தால் அவர் உங்கள் ஆள் ஆகிவிடுவார், அறிக்கைக்கு மதிப்பிருக்காது.

பெயிண்ட் கம்பெனியின் டெக்னிக்கல் ஆளையும் டீலர் மூலம் வரவழைக்கலாம், காசு கேட்க மாட்டார்கள். புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் பார்ப்பது தங்கள் சரக்கில் குறையா இல்லையா என்பதைத்தான். "பரப்பு தயாரிப்பு சரியில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனால் அது கொத்தனாரையும் குறிக்கலாம், நம்மையும் குறிக்கலாம். அந்த வரியை வைத்து உங்களைக் குற்றவாளி ஆக்க விடாதீர்கள். ஈரம் இருந்ததா, எந்த அடுக்கு பிரிந்தது என்பதையும் அறிக்கையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

அன்றைக்கு அங்கேயே, கையால் என்றாலும் பரவாயில்லை, ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அறை வாரியாகச் சுவர் எது, எத்தனை சதுர அடி கெட்டிருக்கிறது, செதிலின் முதுகில் என்ன இருந்தது, மீட்டர் அளவு என்ன, போட்டோ எண் என்ன. யார் தவறு என்று அதில் எழுத வேண்டாம், எழுதினால் ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். கண்ணில் பட்டதை மட்டும் எழுதினால் மறுக்க முடியாது. ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒரு செதிலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே அறையின் பெயரும் தேதியும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஒட்டிவிடுங்கள்.

முழு வீடும் போச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அளந்தால் கெட்டது 1,240 சதுர அடி. அதில் குளியலறைக் கசிவால் 610, மொட்டைமாடி விரிசலால் 200, ஈரப் பூச்சின்மேல் நான் போட்ட பட்டியால் 430.

கூப்பிட்டும் அவர் வரவில்லை என்றால்? தேதி குறித்து இரண்டு முறை எழுத்தில் கூப்பிடுங்கள். மூன்றாவது முறை வீட்டுக்காரர் அனுமதியோடு இன்ஜினியரைக் கூட்டிப்போய் ஆய்வை நடத்திவிடுங்கள். கேஸ் கோர்ட்டுக்குப் போனால் அங்கே அட்வகேட் கமிஷனர் ஒருவரை நியமித்துச் சுவரைப் பார்வையிடச் சொல்லி மனு போடலாம். அதற்குள் வீட்டுக்காரர் வேறு ஆளை வைத்து அடித்துவிடுவார் என்பதுதான் நடைமுறைச் சிக்கல், அதனால் கோர்ட்டை நம்பி ஆய்வைத் தள்ளிப்போடாதீர்கள்.

5. தவறை ரூபாயாக மாற்றுங்கள்

பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது கையில் ஒரு தாள் கணக்கு இருக்க வேண்டும். சுரண்டுவது, பட்டி, பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன், சாமான் மூடுவது, கூலி எல்லாம் சேர்த்து எங்கள் கணக்கில் சதுர அடிக்கு 38 ரூபாய் வந்தது. 430 அடிக்கு 16,340. அவர் நிறுத்தி வைத்திருந்ததோ 1,86,000. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தபோதுதான் அவருக்கே தான் பிடித்து வைத்திருப்பது எவ்வளவு அதிகம் என்று உறைத்தது என்று நினைக்கிறேன்.

ஒரு கண்ணி. தரத்தில் சண்டை போட முடியாது என்று தெரிந்ததும் அளவில் கை வைப்பார்கள். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் கழிப்பார்கள். அளவு எடுப்பதற்கு இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது, ஐஎஸ் 1200, பெயிண்டிங்குக்கு அதன் 13-வது பகுதி. அரை சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்குக் கழிவே கிடையாது. அரைக்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய 32 சதுர அடி வரை, ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்கலாம், திறப்பின் உள் ஓரங்களைத் தனியாகக் கூட்டக் கூடாது. அதற்கு மேல் பெரிய திறப்பு என்றால் இரண்டு பக்கமும் கழித்து, ஓரங்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கொட்டேஷனில் வேறு மாதிரி பேசியிருந்தால் அந்தப் பேச்சுதான் செல்லும். பேசவில்லை என்றால் இதைக் காட்டுங்கள்.

வேலையாட்களின் கூலியை இந்தத் தகராறோடு முடிச்சுப் போடாதீர்கள். பில் வரவில்லை என்று அவர்களை நிறுத்தி வைப்பது நியாயமில்லை. அவர்கள்தான் நாளைக்கு நமக்குச் சாட்சியும்.

6. பாக்கியை எழுத்தில் கேளுங்கள்

முதலில் நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். மொத்த பில், வந்தது, பாக்கி, ஆய்வில் கண்டது, உங்கள் பங்குக்கு நீங்கள் ஒத்துக்கொள்ளும் தொகை, 15 நாள் கெடு. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதையும், சேர்ந்துவிட்டது என்று காட்டும் டிராக்கிங் பக்கத்தின் பிரிண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ். எனக்கு 3,500 ரூபாய் ஆனது.

உத்யம் என்ற மத்திய அரசின் சிறு தொழில் பதிவு இருந்தால் இந்த இடத்தில் ஒரு பெரிய பிடி கிடைக்கும். பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பானும் போதும். பணம் கேட்கும் தனியார் தளங்களில் போய் ஏமாறாதீர்கள். 2006-ன் சிறு தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதே சட்டத்தில் நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்தும் ஒரு வரி உண்டு: வேலையைப் பெற்றுக்கொண்ட 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். எனக்குப் புகார் வந்தது 49-வது நாள், அதுவும் வாயால். எழுத்தில் ஒப்படைப்புத் தேதி இருந்தால்தான் இதை நன்றாகப் பயன்படுத்த முடியும், "வேலை முடிந்தது, இன்று ஒப்படைத்தேன்" என்ற ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அன்றே அனுப்பியிருக்க வேண்டும்.

இன்னொரு அழுத்தமும் இருக்கிறது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, சிறு நிறுவனத்துக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் தராதவர் அந்தச் செலவை உண்மையில் பணம் கொடுக்கும் வருடத்தில்தான் வருமான வரியில் கழிக்க முடியும். நோட்டீஸில் உங்கள் உத்யம் எண்ணைக் குறிப்பிட்டால் அவருடைய ஆடிட்டரே அவரிடம் பேச ஆரம்பிப்பார்.

7. பேசித் தீராவிட்டால் எங்கே போவது

போலீஸ் ஸ்டேஷன் வேண்டாம். இது சிவில் விஷயம், அங்கே யாராவது கட்டப்பஞ்சாயத்துக்கு வருவார்கள், பணம்தான் போகும். நுகர்வோர் ஆணையமும் நமக்கு இல்லை. வீட்டுக்காரர் அங்கே மெயின் கான்ட்ராக்டர்மேல் போகலாம், நாம் தொழிலுக்காக வேலை செய்து காசு கேட்பவர்கள்.

முதலில் கொட்டேஷனிலோ வொர்க் ஆர்டரிலோ "தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன்" (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்ப்பது) என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நேராகக் கோர்ட்டுக்குப் போனாலும் அவர் அதைக் காட்டித் திருப்பி அனுப்பச் செய்யலாம்.

உத்யம் பதிவு இருப்பவர்கள் அரசின் இணையதளம் வழியாக, சிறு நிறுவனங்களின் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்கல் கவுன்சிலுக்கு மனு போடலாம். முதலில் சமரசம், ஆகாவிட்டால் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்துப் போக வேண்டுமானால் பணம் தர வேண்டியவர் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க. வேலை முடிந்த பிறகு பதிவு எடுத்துவிட்டுப் பழைய பில்லுக்கு அதை நீட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்த வேலைக்கு இந்தக் கவுன்சில் பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் வேறு வேறாகச் சொல்லியிருக்கின்றன, மனு போடுமுன் வக்கீலிடம் கேளுங்கள். நான் பதிவு எடுத்ததே தகராறு வந்த பிறகுதான், அதனால் எனக்கு இந்த வழி மூடிவிட்டது. நீங்கள் இன்றைக்கே எடுத்து வையுங்கள்.

எனக்குக் கைகொடுத்தது லோக் அதாலத். தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். வழக்கு போடாமலேயே, வழக்குக்கு முந்தைய மனுவாக அங்கே கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. வெள்ளைத் தாளில் விவரம், கூடவே கொட்டேஷன், பேங்க் ஸ்டேட்மென்ட், ஆய்வுக் குறிப்பு, நோட்டீஸ் நகல். எதிர்த் தரப்புக்கு அவர்களே நோட்டீஸ் அனுப்புவார்கள். சந்தேகம் என்றால் 15100 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். அங்கே உடன்பாடு ஆகிவிட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆனால் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் முடியும், யாரையும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். எனக்கு மனு கொடுத்ததிலிருந்து ஏழு வாரம், இரண்டு அமர்வு.

வழக்கு கடைசி வழி. தமிழ்நாட்டில் பணம் கோரும் வழக்குக்குக் கோர்ட் கட்டணம் 2017-க்குப் பிறகு 3 சதவீதம், 1,86,000-க்கு 5,580 ரூபாய் வரும், வக்கீல் கட்டணம் தனி. தொகை 3 லட்சமும் அதற்கு மேலும் என்றால் அது வணிக வழக்காகிவிடும். அவசர உத்தரவு ஏதும் கேட்காதபட்சத்தில் முதலில் சட்டப் பணிகள் ஆணையத்தில் சமரசத்துக்குப் போய்விட்டு வந்தால்தான் வழக்கையே எடுப்பார்கள். வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். "தரேன், தரேன்" என்ற பேச்சிலேயே மூன்று வருடத்தைக் கடத்திவிடுபவர்கள் உண்டு. கெடு முடியும் முன் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால் அந்த நாளிலிருந்து மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும்.

8. உடன்பாட்டை எழுதும்போது

நாங்கள் 1,65,000-க்கு ஒத்துக்கொண்டோம். கணக்குப்படி எனக்கு 1,69,660 வர வேண்டும், மீதியை விட்டுக்கொடுத்தேன். லோக் அதாலத்தில் முடித்தால் அவர்களே பதிவு செய்வார்கள். வெளியே முடித்தால் 200 ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளில் ஒருவராக வீட்டுக்காரரைப் போடுங்கள். தொகை, தவணைத் தேதிகள், எந்தச் சுவரை யார் சரிசெய்வது, சரக்கு யார் வாங்குவது, கசிவை அடைத்துச் சுவர் காய்ந்த பிறகுதான் பெயிண்ட் என்பது, இன்ன சுவர்களுக்கு இனி நான் பொறுப்பல்ல என்பது எல்லாம் அதில் வர வேண்டும். கசிவை அடைக்காமல் மேலே பெயிண்ட் அடிக்க ஒத்துக்கொள்ளவே கூடாது, எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

"ஃபுல் அண்ட் ஃபைனல்" (இனி பாக்கி எதுவும் இல்லை) என்ற வவுச்சரில் பணம் வரும் முன் கையெழுத்துப் போடாதீர்கள். பாதி இன்றைக்கு, பாதி அடுத்த மாதம் என்றால், ரசீதில் "முதல் தவணை" என்றே எழுதுங்கள். பின் தேதியிட்ட செக் வாங்கினால் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பேங்கில் போட்டுவிட வேண்டும். திரும்பி வந்தால், பேங்க் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்கு 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். இதில் ஒரு நாள் தவறினாலும் செக் கேஸ் கையைவிட்டுப் போகலாம். உங்கள் பக்கத்திலிருந்து "செக்யூரிட்டிக்கு" என்று தேதி போடாத செக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஜிஎஸ்டி எண் வைத்திருந்து முழுத் தொகைக்கு பில் போட்டிருந்தால், குறைந்த தொகைக்குக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் காட்டும் சீட்டு) போட வேண்டும். பில் போட்ட நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30-தான் அதை ரிட்டர்னில் காட்டக் கடைசி நாள், அதற்கு முன்பே வருடாந்தர ரிட்டர்ன் போட்டுவிட்டால் அந்தத் தேதியோடு வாய்ப்பு முடிந்துவிடும். எனக்கு அக்டோபரில் பணம் வந்தது, நவம்பரில் கிரெடிட் நோட்டை ரிட்டர்னில் காட்டிவிட்டேன். அதே மாதக் கடைசியில், மழை விட்ட ஒரு வாரத்தில், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு அந்த 430 அடியையும் அடித்துக் கொடுத்தேன்.